காக்கை வன்னியனுக்கு ஒரு வரவுப்பாட்டு

வன்னி மண்ணின் அண்ணாவிமாருக்கும், நாடக மன்றத்தாருக்கும், பள்ளிக்கூட மேடைகளில் வேடம் கட்டும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஓகஸ்ட் நெருங்குகிறது. வவுனியாக் கச்சேரியடியில் நிற்கும் பண்டார வன்னியன் சிலைக்கு மாலை போடுவார்கள். ஒட்டுசுட்டான், முள்ளியவளை, புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அட்டை வாள்களுக்கு வெள்ளித்தாள் ஒட்டத் தொடங்குவார்கள். இந்த நேரம் பார்த்து உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு வருகிறேன். இந்தமுறை காக்கை வன்னியனை அவசரப்பட்டு மேடையேற்றாதீர்கள். அவன் காட்டிக்கொடுக்கிற இடத்தில் அவனைத் தொடங்காதீர்கள். அதற்கு முன்னால் அவன் மனதுக்குள் நடந்ததற்கும் ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், ஒரு முழுக் காட்சி கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவில் ஆங்கிலேயர் வைத்திருந்த கோட்டையைப் பண்டார வன்னியன் தாக்கிப் பிடித்தான். பீரங்கிகளும் அவன் கைக்கு வந்தன. அதே ஆண்டு கண்டியிலும் ஆங்கிலேயப் படை நொறுங்கிப் போயிருந்ததால் அவர்களுக்கு இது இரண்டாவது அடி. விட்டுவைப்பார்களா? பல பக்கத்தாலும் படை அனுப்பினார்கள். ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் ட்றிபேர்க்கின் படை வன்னியனின் ஆட்களை முறியடித்தது. தோற்கடித்த இடம் இதுதான் என்று வென்றவர்களே கல்லும் நட்டார்கள். அந்தக் கல்லை 2010இல் யாரோ உடைத்துப் போட்டார்கள். வன்னியன் அந்தச் சண்டையிலேயே மாண்டான் என்பவர்களும் இருக்கிறார்கள். காயத்தோடு தப்பி மேலும் சில ஆண்டுகள் காட்டுக்குள் வாழ்ந்தான் என்பவர்களும் இருக்கிறார்கள்.

திகதி போட்டுச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மற்றதை ஊர் சொன்னது. கரிக்கட்டுமூலைக்குத் தலைவனான காக்கை வன்னியன், பண்டார வன்னியனின் தங்கை நல்லநாச்சியார்மேல் ஆசை வைத்தான். பெண் கேட்டான். கிடைக்கவில்லை. அந்த மறுப்பு அவனுக்குள் கிடந்து புகைந்தது. கடைசியில் வெள்ளைக்காரனோடு கூடினான். உறவுக்காரனாக வந்து நல்லவார்த்தை பேசி, வன்னியனை ஆயத்தமில்லாத நேரத்தில் பகைவன் கையில் விட்டான். ஊருக்கு ஊர் இந்தக் கதை கொஞ்சம் மாறும், அடிநாதம் மாறாது. நாங்கள் முல்லைமணி என்று அழைத்த முள்ளியவளை வே. சுப்பிரமணியம் இதை நாடகமாக எழுதினார். தமிழ்நாட்டில் மு. கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்று நாவலே எழுதினார். அம்மம்மாமார் வாயிலிருந்து அரசியல் தலைவரின் பேனா வரைக்கும் போய் வந்த கதை இது.

ஆனால் மேடையில் என்ன நடக்கிறது? எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஒத்திகையைப் பார்க்கப் போயிருந்தேன். மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நடந்தது. நிகழ்ச்சி நிரலில் நாடகத்துக்கு ஒதுக்கிய நேரம் குறைவு. அதனால் பெண் கேட்கும் காட்சியை எடுத்துவிட்டுக் கட்டியகாரன் வாயில் ஒரே வரியில் சொல்லிவிட்டிருந்தார்கள். காக்கை வன்னியனாக வந்த பெடியனுக்கு உதட்டுக்கு மேலே கரியால் மீசை கீறியிருந்தார்கள். அவனுக்குக் கிடைத்த முதல் வேலையே சிரிப்புத்தான். வந்தான், இடுப்பில் கைவைத்தான், சிரித்தான். “சிரிப்புக் காணுமோ அண்ணை?” என்று பழக்குகிறவரைக் கேட்டான். “காணாது, இன்னும் பலமாச் சிரி. நீ துரோகியெல்லே?” என்றார் அவர். பெடியன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சிரித்தான். முன்னாலே மண்ணில் குந்தியிருந்த சின்னப் பிள்ளைகள் “துரோகி, துரோகி” என்று கத்தினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஒத்திகை நல்லாய்ப் போனதாக எல்லோரும் சொன்னார்கள்.

பழக்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சம்பளம் வாங்காமல், பின்னேரப் பொழுதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் அவர். நேரம் குறைவென்றால் எதையாவது வெட்டத்தான் வேண்டும். ஆனால் எங்கள் மேடைகளில் எல்லாம் வெட்டுப்படுவது எப்போதும் ஒரே காட்சியாக இருப்பதுதான் எனக்கு வருத்தம். வாள்சண்டை வெட்டுப்படுவதில்லை. சபதம் வெட்டுப்படுவதில்லை. ஒரு மனிதனின் ஆசை எந்த இடத்தில் திரிந்து வன்மமாகிறது என்ற இடம் மட்டும் வெட்டுப்பட்டுப் போகிறது. சிரித்துக்கொண்டு மேடைக்கு வருகிறவனைப் பார்த்து எந்தப் பிள்ளையும் தன்னை அவனிடத்தில் வைத்துப் பார்க்காது. அவன் வேறு சாதிப் பிறவி, பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

அவன் வந்த வழியை நீங்கள் ஆட வேண்டும் என்கிறேன். அவனுக்கும் ஒரு வரவுப்பாட்டு வேண்டும், நல்ல மெட்டில். பெண் கேட்டு வருகிறவன் எப்படி வருவான்? தட்டில் வெற்றிலை பாக்கு வைத்திருப்பான். வன்னிக் காட்டுத் தேன் கொண்டுவந்திருப்பான். ஒரே பாயில் இருந்து உண்ணத்தக்க உறவுக்காரன் அவன்; எதிரி அல்லன். மத்தளம் அவனுக்காகவும் அடிக்கட்டும். சபை ஒரு நிமிடமாவது அவனை விரும்பட்டும். அவன் ஆசையில் பிழையில்லை. ஒரு பெண்ணை விரும்புவதும், முறையாக வந்து கேட்பதும் குற்றமென்றால் உலகத்தில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

அடுத்தது மறுப்பு. இங்கே உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்த எந்த மேடையிலும் நல்லநாச்சியார் தன் வாயால் “எனக்கு விருப்பமில்லை” என்று சொன்னதில்லை. தமையன் சொல்வான், மந்திரி சொல்வான், சில இடங்களில் கட்டியகாரன் சொல்வான். அவளோ பூத்தட்டோடு ஒருமுறை வந்துபோவாள். காக்கை வன்னியன் அதனால்தான் அவளை ஒரு ஆளாகவே எண்ணவில்லை. பண்டார வன்னியன் தனக்குத் தராமல் வைத்துக்கொண்ட ஒரு பொருளாகவே எண்ணினான். அவளைப் பேச விடுங்கள். பெரிய வசனம் தேவையில்லை. அவனை ஏசவும் தேவையில்லை. விருப்பமில்லை என்று நிமிர்ந்து நின்று ஒரு பெண் சொல்வதைக் கேட்டுப் பழகாத பிள்ளைகள் சபையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் ஊர்களில் ஒரு பெட்டை வேண்டாமென்று சொன்னால், அதற்கு மறுநாளே அவள் படம் பத்துப் பேருடைய போனுக்குப் போய்விடுகிறது. அவள் நடத்தையைப் பற்றிய கதை தேநீர்க்கடை வரைக்கும் வந்துவிடுகிறது. ரியூசனுக்குப் போகிற பாதையில் அவள் சைக்கிளை மறிக்கிறார்கள். முந்தின கிழமைதான் அவளுக்காகச் சாவேன் என்று கையைக் கீறிக்கொண்டவனும் அந்தக் கூட்டத்தில் நிற்பான். எத்தனை வீடுகள் இதனால் பிள்ளையின் படிப்பை நிறுத்தியிருக்கின்றன என்று ஆசிரியர்களைக் கேளுங்கள்.

மூன்றாவதாக, நான் மிகவும் வேண்டிக் கேட்கிற காட்சி. மறுப்பு வாங்கிய காக்கை வன்னியன் தன் ஏவலாளனோடு காட்டுவழியே திரும்பிப் போகிறான். கொண்டுபோன வெற்றிலைத் தட்டு அப்படியே ஏவலாளன் கையில் இருக்கிறது. இந்தக் காட்சியை யாரும் எழுதியதாக நான் கண்டதில்லை. நீங்கள் எழுத வேண்டும். ஏவலாளன் ஆறுதல் சொல்லட்டும்: “ஐயா, வன்னியிலே வேறே நாச்சிமார் இல்லையோ?” அதற்குக் காக்கை வன்னியன் சொல்லப்போகும் பதிலில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அவனுக்கு இப்போது நல்லநாச்சியார் வேண்டாம். அவள் முகம்கூட மறந்துவிட்டது. பாயில் இருந்தவர்கள் தன்னைப் பார்த்த பார்வை மட்டும்தான் அவன் நினைவில் நிற்கிறது. தமையன் தலைகுனிய வேண்டும் என்பது ஒன்றே இனி அவன் தேவை. காலையில் புறப்பட்டபோது அவனுக்கு வேண்டியிருந்தது வேறு, மாலையில் வேண்டியிருப்பது வேறு. ஆசை போன இடத்தில் வன்மம் வந்து குந்திவிட்டது. எதற்காக இந்த வழியில் வந்தோம் என்பதே அவனுக்கு நினைவில்லை.

கதையின் முடிவைப் பாருங்கள். பண்டார வன்னியனைக் கொடுத்த பிறகு காக்கை வன்னியனுக்குக் கிடைத்தது என்ன? நல்லநாச்சியார் கிடைத்தாளா? நான் கேட்ட எந்தக் கதையிலும் இல்லை. வன்னியாவது அவன் கையில் நின்றதா? அதுவும் வெள்ளைக்காரனுக்குப் போயிற்று.

வேண்டியதை மறந்து வன்மத்தைப் பிடித்துக்கொள்கிற இந்தப் புத்தி எங்களுக்குப் புதிதன்று. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவர் கிடுகுவேலி இரண்டடி தள்ளிப்போனதற்காகக் கோட்டுக்குப் போவார்கள். வழக்குச் செலவுக்கு முதலில் மாடு போகும், பிறகு வயல் ஈட்டுக்குப் போகும். மத்தியஸ்த சபையில் “அந்த இரண்டடியை நீயே எடு, சமாதானமாய்ப் போ” என்றால்கூட ஒருவர் ஒத்துக்கொள்ளமாட்டார். நிலம் வேண்டித்தான் தொடங்கினார். இப்போது நிலமே கொடுத்தாலும் அவருக்குப் போதாது.

காக்கை வன்னியன் என்ற பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாண வைபவமாலையிலும் ஒரு காக்கை வன்னியன் வருகிறான். அங்கே அவன் சங்கிலியனைப் போர்த்துக்கேயரிடம் பிடித்துக் கொடுக்கிறான். சங்கிலியன் பிடிபட்டது 1619இல். எங்கள் காக்கை வன்னியனோ 1803ஆம் ஆண்டுக் கதையில் வருகிறான். இரண்டு காலத்துக்கும் இடையே கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு. பெயர் ஒன்று, செய்த காரியம் ஒன்று. நடந்தது என்ன என்று ஆராய்வது வரலாற்று ஆசிரியர்கள் பாடு. எனக்குத் தோன்றுவது இதுதான்: தோற்றுப்போன ஒவ்வொரு முறையும் எங்களுக்கு ஒரு காக்கை வன்னியன் தேவைப்பட்டிருக்கிறான். பெயர் கையிலே தயாராக இருந்தது. யார்மேலாவது ஒட்டிவிட்டால் பிறகு கேள்வி கேட்கத் தேவையில்லை.

அந்தப் பெயரை எங்கள் காலத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதை உங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் அறிவீர்கள். 1975 யூலையில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலைக் கோயிலடியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் துரோகி. மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் தொங்கிய மட்டைகளிலும் அதே சொல். 1986 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் டெலோ இயக்கப் பெடியள் வீதி வீதியாய்க் கொல்லப்பட்டார்கள். ஒரே ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். சனம் படலைக்குள் நின்று பார்த்தது. வன்னியை ஒரு காலத்தில் தன் கையில் வைத்திருந்த மாத்தயாவும் 1994 டிசம்பரில் அதே பெயரோடு தன் இயக்கமான புலிகளாலேயே கொல்லப்பட்டார். இவர்கள் ஒவ்வொருவரும் செய்தது சரியா பிழையா என்று நான் இங்கே வழக்குப் பேச வரவில்லை. துரோகி என்ற சொல் விழுந்த பிறகு வழக்கே கிடையாது என்பதைத்தான் சொல்கிறேன். அந்தச் சொல்லைச் சின்னப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கத்தியபோது எனக்கு வயிறு கலங்கியதற்குக் காரணம் அதுதான்.

ஆசையும் வன்மமும் எங்கள் மண்ணில் செய்ததைப் பேசிவிட்டு மணலாற்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். 1977 கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்ட மலையகச் சனம் பலர் நெடுங்கேணிக்குக் கிழக்கே கென்ட் பாம், டொலர் பாம் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியிருந்தார்கள். 1984இல் அரசு அவர்களைக் கலைத்துவிட்டுச் சிங்களச் சிறைக்கைதிகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் கொண்டுவந்து குடியேற்றியது. வடக்கையும் கிழக்கையும் இணைக்கிற மணலாறு என்ற அந்தத் துண்டு நிலத்தின்மேல் ஆட்சியாளருக்கு இருந்த ஆசை சின்ன ஆசை அன்று. நவம்பர் 30ஆம் திகதி புலிகள் அந்த இரண்டு பண்ணைகளையும் தாக்கினார்கள். 60க்கு மேற்பட்டோர் செத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் உண்டு. அடுத்த நாள் கொக்கிளாயில் சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு இராணுவத்தின் முறை. டிசம்பர் தொடக்கத்தில் ஒதியமலையில் 32 தமிழ் ஆண்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனத்தை உடுத்த உடுப்போடு வெளியேற்றினார்கள். அவர்கள் தங்கள் வயலையும் கடலையும் மறுபடி காண கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பலருக்கு வயல் இன்னும் முழுதாய்க் கிடைக்கவில்லை.

நவம்பர் 30 தொடங்கி அந்த ஒரு வாரத்துக்குள் செத்தவர்களை எண்ணிப் பாருங்கள். கொழும்பிலிருந்து குடியேற்றத்தைத் திட்டமிட்டவர் ஒருவரும் அதில் இல்லை. நாட்டின் சிறைகளிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து காட்டில் விடப்பட்டவனுடைய பிள்ளையும், ஒதியமலையில் மழையைப் பார்த்து வயல் விதைத்தவனும்தான் அதில் இருக்கிறார்கள். ஒதியமலைக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் விளக்கேற்றுகிறோம். ஏற்றத்தான் வேண்டும். கென்ட் பாமில் செத்த குழந்தையைப் பற்றி எங்கள் மேடையில் ஒரு வரி பாட எங்களில் எவருக்கு மனம் வரும்? கேட்கவே பயமாயிருக்கிறது. ஆனால் கேட்கிறேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். முள்ளியவளைக்குப் பக்கத்திலேயே இருக்கிற தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிச் சனமும் போனது. கூத்துக் களரியில் எங்களோடு இருந்து விடிய விடியப் பார்த்தவர்கள் அவர்கள். சந்தேகமும் வன்மமும் அவர்களை வெளியேற்றின. வடக்கு முழுக்க அவர்கள் விட்டுப்போன பொருள் பண்டத்தை எடுத்தும் விற்றும் அனுபவித்தது ஆசை. இரண்டும் எப்போதும் கைகோத்துத்தான் வரும்.

இங்கே ஒரு தெளிவு. 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை “மனித உணர்ச்சிகளின் விளைவு” என்று சுருக்கிப் பேச நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன். சனம் நெருங்கிக் கிடந்த இடத்தில் எறிகணை போட்டவர்களும், போகவிடாமல் மறித்தவர்களும் பெயரும் பதவியும் உள்ளவர்கள். அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும். வன்மம் அழிக்கும் என்று நான் சொல்வதை, நீதி கேட்காதே என்று யாரும் திரித்துப் படிக்க வேண்டாம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர்ந்து போராடுகிறார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். அவர்கள் கோபம் கொஞ்ச நஞ்சமா? ஆனாலும் யாருடைய பிள்ளையாவது சாகட்டும் என்று அந்தப் போராட்டக் கொட்டகையிலிருந்து ஒரு குரல் வந்ததாக நான் கேட்டதில்லை. என் பிள்ளை எங்கே என்பதே அவர்கள் கேள்வி. எதற்காக வந்து குந்தினார்களோ அதை அவர்கள் மறக்கவில்லை. கோபத்துக்கும் வன்மத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குப் படிப்பித்தவர்கள் அவர்களே.

கோவலன் கூத்து ஆடுகிற அண்ணாவிமாரிடம் இனிப் பேசுகிறேன். எங்கள் பகுதி ஆட்டமுறையான முல்லைமோடியில் ஆட உங்களை விட்டால் ஆளில்லை. அந்தக் கூத்திலும் ஆசை உண்டு: மாதவிமேல் கோவலனுக்கு, சிலம்பின்மேல் தட்டானுக்கு. அதிலும் கோபம் உண்டு. கண்ணகியின் கோபத்தைப் போல நியாயமான கோபத்தை எங்கே காணப்போகிறோம்? மதுரையை எரித்தாள். ஆனால் இளங்கோவடிகளின் காவியத்தில் அவள் அக்கினிக்கு ஒரு வரம்பு போடுகிறாள். அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் இவர்களைத் தொடாதே என்கிறாள். கணவனை இழந்து, நீதி கெட்ட ஊரின் நடுவே நிற்கிறபோதும் அவளுக்கு அந்த நினைப்பு இருந்தது. 1984 கடைசியில் துவக்குத் தூக்கிய எந்தத் தரப்பிடமும் அப்படியொரு வரம்பு இருக்கவில்லை. உங்கள் கூத்தில் அந்த இடம் இரண்டு வரியில் ஓடிப்போவதைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அங்கே மத்தளத்தை நிறுத்தி, தாளத்தைக் குறைத்து, கண்ணகி வேடக்காரரைத் தனியாகப் பாட விடுங்கள். எரி என்று சொன்ன அதே வாயால் யாரை எரிக்காதே என்று சொன்னாள் என்பது சபைக்கு விளங்க வேண்டும்.

மதுரையோடு கதை முடிந்துவிடுவதில்லை. எங்களுக்கு மிச்சக் கதையும் இருக்கிறது. எரித்தவள் கடல் தாண்டி வந்து, இடம் இடமாகத் தங்கித் தங்கி, பத்தாவதாக நந்திக்கடற்கரையில் ஒரு கிழவியாக வந்து நின்றாள் என்று எங்கள் முன்னோர் சொன்னார்கள். மாடு மேய்த்த சிறுவர்கள் அவளைக் கண்டார்கள். அவள் யார், எங்கே எதை எரித்தாள் என்று அவர்கள் விசாரிக்கவில்லை. பசிக்கிறது என்றாள், பொங்கினார்கள். இலைகுழை வெட்டிப் பந்தல் போட்டார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று தயங்கினபோது கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னாள். எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்த பிள்ளைக்குத் தலை முழுக்க ஆயிரம் கண் தெரிந்தது. அதற்குப் பிறகு அவளைக் காணவில்லை. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னால் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து விளக்கெரித்து, பிறகு அவள் வந்து நின்ற வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறோம். நாங்கள் பொங்குகிற பொங்கல், ஒரு பெருங்கோபம் வந்து ஆறின இடத்தில் பொங்குகிற பொங்கல். அவளையே பத்தினித் தெய்யோ என்று சிங்களச் சனமும் கும்பிடுகிறது. மணலாற்றின் இரு பக்கத்திலும் நேர்த்தி வைப்பது அவளுக்குத்தான்.

அந்த மாட்டுக்காரப் பெடியளை மேடையேற்றுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். கோவலன் கூத்தில் ராசாவுக்கும் தட்டானுக்கும் வேடம் உண்டு. அவள் பசி தீர்த்தவர்களுக்கு நான் பார்த்த கொப்பிகளில் வேடம் இல்லை. எங்கள் மண்ணில் நடந்ததாக நம்புகிற ஒரே பகுதியை நாங்களே விட்டுவிட்டோம். சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு அதில் நல்ல பங்கு கிடைக்கும். கூத்துப் பழக இப்போது பெடியள் வருகிறார்களில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு அது உதவியும்கூட.

பழைய கொப்பியில் கைவைக்கலாமா, அண்ணாவிமார் கோபிப்பார்களா என்ற தயக்கம் உங்களில் சிலருக்கு வரும். கொப்பி எப்போதும் கைபட்டு வந்ததுதான். ஒவ்வொரு அண்ணாவியாரும் தன் காலத்துக்கு ஒரு பாட்டுச் சேர்த்தார், ஒரு பாட்டு விட்டார். போரில் இடம்பெயர்ந்தபோது தறப்பாளுக்குள் சுற்றிக் கொண்டுபோன கொப்பிகளில் பாதி நனைந்து அழிந்தன. நினைவிலிருந்துதான் மீண்டும் எழுதினோம். எழுதின கை ஒன்றிரண்டு இடத்தில் புதிதாகவும் எழுதியிருக்கும். யாருக்கும் பாவம் வரவில்லை.

நேரம் போதாது என்பதற்கும் வழி உண்டு. பள்ளிக்கூடத்து நாடகத்தில் வாள்சண்டையைப் பாதியாகக் குறையுங்கள். கோட்டை பிடித்த வெற்றியைக் கட்டியகாரன் ஒரு வரியில் சொல்லட்டும். அதைச் சபை அறியும். மிச்சப்படும் நேரத்தைப் பெண் கேட்கும் காட்சிக்கும், நல்லநாச்சியாரின் ஒரு பாட்டுக்கும், காட்டுவழிக் காட்சிக்கும் கொடுங்கள். காக்கை வன்னியனுக்கு நல்ல குரலும் நிதானமும் உள்ள பிள்ளையைப் பிடியுங்கள். சத்தம் போடத் தெரிந்த பிள்ளையைத் தேட வேண்டாம். அவன் முதற்காட்சியில் சிரிக்கவே கூடாது. நாடகம் முடிந்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு விடுமுன்னர் பத்து நிமிடம் இருத்தி, எந்த இடத்தில் அவன் திரும்பியிருக்கலாம் என்று கேளுங்கள். வெற்றிலைத் தட்டோடு போகிறபோதா, மறுப்புக் கேட்டபோதா, காட்டுவழியிலா என்று அவர்கள் தங்களுக்குள் சண்டைபிடிக்கட்டும். விடையை நீங்கள் சொல்லாதீர்கள்.

காட்டுவழிக் காட்சிக்கு ஏவலாளனுக்கும் அவனுக்கும் தர்க்கப் பாட்டாக எட்டு அடி எழுதி வைத்திருக்கிறேன். மெட்டுப் போட எனக்குத் தெரியாது. முல்லைமோடி தெரிந்த அண்ணாவியார் யாராவது இருந்து திருத்திக் கொடுத்தால், ஓகஸ்ட் 25க்குள் பழக்கிவிடலாம். கொப்பியோடு எந்தப் பின்னேரமும் எந்த ஊர் ஒத்திகைக்கும் வருவேன்.

அன்புடன்,
ஒட்டுசுட்டான் பக்கத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி